என் டயரில் ஏறியது ஆணி இல்லை

மூன்று நாளாக என் காரின் இடது பின் டயரில் காற்று இறங்கிக்கொண்டே இருந்தது. காலையில் 33 வைத்தால் மறுநாள் காலை 25. டயரைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தேன். ஆணி இல்லை, கல் இல்லை, கண்ணாடிச் சில் இல்லை. முதல் பெட்ரோல் பங்கில் காற்று மெஷின் ரிப்பேர். அடுத்த பங்கில் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். நான்காம் நாள் அப்பாவைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகும்போது கிண்டியில் டயர் தரையோடு உட்கார்ந்துவிட்டது.

அவருக்கு 74 வயது. கண்புரை அறுவை முடிந்து ஆறாம் நாள். கண்ணில் தூசி படவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கத்திப்பாரா பக்கம் போகிற பேருந்துகள் கிளப்பும் புழுதியில், நிழலே இல்லாத சாலையோரத்தில் முக்கால் மணி நேரம் நின்றார். ஆட்டோவில் ஏற்றி அனுப்புகிறேன் என்றேன், கேட்கவில்லை. "உன்னை நடுரோட்டில் விட்டுட்டா போவேன்? ரோட்டுப் பக்கம் காலை நீட்டாதேப்பா" என்று ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு எனக்குக் காவல் நின்றார். நான் ஜாக்கி போட்டு ஸ்டெப்னி மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த முக்கால் மணி நேரம்தான் எனக்கு ஆறவில்லை. பஞ்சர் காசுக்காக இவ்வளவு எழுதமாட்டேன்.

சாயங்காலம் ஒரு பெரிய டயர் கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, காபி எல்லாம் உண்டு. சக்கரத்தைக் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சைடில் லீக் சார், டயர் போச்சு, ரெண்டு டயரா மாத்திடுங்க" என்றார்கள். டயரின் பக்கச் சுவரில் ஓட்டை விழுந்தால் பஞ்சர் போடக்கூடாது என்பது உண்மைதான். ஓடும்போது மடங்கி மடங்கி நிமிர்கிற இடம் அது, ஒட்டு நிற்காது. ஆனால் ஓட்டை அங்கேதான் என்று எப்படித் தெரிந்தது? தண்ணீரில் முக்கிப் பார்த்தார்களா? இல்லை. சோப்புத் தண்ணீர் தெளித்தார்களா? அதுவும் இல்லை. கேட்டதற்கு "அனுபவம் சார்" என்றார் ஒருவர். சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வேளச்சேரியில் எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடைச் சேட்டா அதைத் தொட்டித் தண்ணீரில் முக்கி மெதுவாக உருட்டினார். இரண்டாவது சுற்றில் சின்னச் சின்னக் குமிழி, மணி கோத்த மாதிரி வந்தது. பக்கச் சுவரில் இல்லை, டயரின் நடுவில், பட்டன் பட்டனாகத் தரையைத் தொடுகிற ரப்பர்க் கட்டிகளுக்கு நடுவே. அங்கே தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. குறட்டால் பிடித்து இழுத்தார். வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் பார்த்தால் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு இரும்புப் பட்டை. அகலம் மூன்று மில்லிமீட்டர் இருக்கும், தடிமன் நகத்தளவு. கறுப்பு நிறம். வளைத்து விட்டால் 'டங்' என்று நிமிர்ந்துகொள்கிறது. ஒரு முனை பிய்ந்து உடைந்திருந்தது. மறுமுனை சாய்வாகத் தேய்ந்து கத்தி மாதிரி பளபளத்தது.

இது என்ன பொருள்? வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லோரிடமும் காட்டினேன். மச்சான் ரம்பப் பிளேடு என்றார். ரம்பத்துக்குப் பல் எங்கே? வாட்ச்மேன் அண்ணன் குடைக்கம்பி என்றார். குடைக்கம்பி வாய்க்கால் மாதிரி குழிந்திருக்கும், இது தட்டை. பெட்டி கட்டும் பட்டை என்றால் அது இன்னும் அகலம், வளைத்தால் வளைந்தபடியே கிடக்கும். வைப்பருக்குள் இருக்கிற தகடு கிட்டத்தட்ட இதே மாதிரிதான், ஆனால் அது ரப்பருக்குள் பத்திரமாக இருப்பது, முனை இப்படித் தேயாது. அலுவலகத்தில் நான்கு பேர் ஒரே குரலில் சொன்னது: "பஞ்சர் கடைக்காரனே போட்டிருப்பான்."

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பெங்களூரு வெளிவட்டச் சாலையில் அப்படி ஒரு சந்தேகம் எழுந்தது உண்மை. அங்கே ஒரு மென்பொருள் பொறியாளர் கோலில் காந்தம் கட்டிக்கொண்டு கிலோ கிலோவாக ஆணி பொறுக்கினார், செய்திகளில் வந்தது. அங்கே கிடந்தது ஆணி. இது ஆணி இல்லை. யாரோ வேண்டுமென்றே போட்டதாக இருந்தால் முனை ஏன் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது? இருபது நிமிடம் குனிந்து என் டயரைக் காப்பாற்றிக் கொடுத்த மனிதர் மேல், இரும்புத் துண்டைக் கண்ணால்கூடப் பார்க்காமல் பழி போடுகிறார்கள்.

அது என்னவென்று சொன்னவரே அந்தச் சேட்டாதான். "ரோடு கூட்டுற வண்டியோட பிரஷ் சார் இது. மாசம் எட்டு பத்து வண்டி இதோடதான் வருது" என்று பலகைக்கு அடியிலிருந்து ஒரு பழைய டின்னை எடுத்துக் கொட்டினார். அத்தனையும் என் பட்டையின் கூடப்பிறந்தவை. சில நீளம், சில குட்டை, எல்லாவற்றிலும் ஒரு முனை உடைசல், ஒரு முனை தேய்மானம்.

நம்பாமல் இல்லை, ஆனாலும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இரண்டு இரவு காத்திருந்தேன். இரண்டாம் நாள் பதினொன்றே முக்காலுக்குத் தரமணி இணைப்புச் சாலையில் அந்த வண்டி வந்தது. பக்கவாட்டில் ஒரு வட்டப் பிரஷ் சுழன்று, ஓரத்து மணலை உள்ளே தள்ளுகிறது. நடுவிலிருக்கும் உறிஞ்சான் அதை வாரி எடுத்துக்கொள்கிறது. அந்த வட்டப் பிரஷ் முழுக்க இதே எஃகுப் பட்டைகள், கொத்துக் கொத்தாக. நடுத்தடுப்புக் கல்லில் உரசும்போது தீப்பொறி பறந்தது. வண்டி போனபிறகு தடுப்பு ஓரமாகவே டார்ச் அடித்துக்கொண்டு நடந்தேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து எங்கள் தெருமுனை வரைக்கும் பதினான்கு துண்டு. பதினான்கு!

எஃகை ஓயாமல் வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒருநாள் ஒடியும். தேய்ந்து குட்டையான பட்டை இன்னும் விறைப்பாகிவிடும், கல்லில் மோதினால் வளையாமல் படக்கென்று முறியும். பிரஷ்ஷைத் தேவைக்கு மேல் தரையில் அழுத்தி ஓட்டினால் அதைவிட வேகமாக முறியும். அதனால்தான் தேய்ந்த பிரஷ்ஷைக் காலத்தோடு மாற்ற வேண்டும் என்பது. மாற்றினால் ஒப்பந்தம் எடுத்தவருக்குச் செலவு. மாற்றாவிட்டால் செலவு உங்களுக்கும் எனக்கும். அவர் மிச்சம் பிடிக்கிற காசு எங்கள் டயரிலிருந்து போகிறது, அதை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

கீழே தட்டையாகக் கிடக்கிற பட்டை எப்படிக் குத்தும் என்று என் மகள் கேட்டாள். முன் டயர் அதன் ஓரத்தில் ஏறினால் அது எம்பி நிமிர்கிறது. நிமிர்ந்து நிற்கிற அந்த ஒரு நொடியில் பின் டயர் வந்து ஏறுகிறது. பஞ்சர் பெரும்பாலும் பின் டயரிலேயே ஆவது இதனால்தான். உள்ளே போன பட்டை அடைப்பு மாதிரி நின்றுகொண்டு, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. நீங்கள் மூன்று நாள் காற்று பிடித்துக்கொண்டு ஓட்டுவீர்கள், ஒவ்வொரு சுற்றிலும் அது இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். ஆணி போட்ட ஓட்டை வட்டமாக இருக்கும், அதை அடைக்க ஒரு ரப்பர்த் திரி போதும். இது கீறல். சேட்டா இரண்டு திரி ஏற்றி, மறுபடி தண்ணீரில் முக்கி, குமிழி இல்லை என்று காட்டின பிறகுதான் காசு வாங்கினார்.

எனக்காவது நான்கு சக்கரம், ஒரு ஸ்டெப்னி. தடுப்பை ஒட்டி இடுக்கில் நுழைந்து போகிறவர்கள் இருசக்கர வண்டிக்காரர்கள். துண்டுகள் அதிகம் கிடப்பதும் அங்கேதான். பின்னால் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு போகிறவருக்கு ஓடும்போது பின் டயர் இறங்கினால் என்ன ஆகும்? பின்னாலேயே தண்ணீர் லாரி வருகிற சாலை அது. அக்டோபரில் மழை ஆரம்பித்துவிட்டால் இன்னும் மோசம். தண்ணீருக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஈர ரப்பரில் இரும்பு வழுக்கிக்கொண்டு இறங்கும்.

அந்த வண்டியை ஓட்டுகிறவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊர் தூங்கும்போது வேலை செய்கிற மனிதர், கொடுத்த பிரஷ்ஷை வைத்துக் கூட்டுகிறார். என் கோபம் பிரஷ் வாங்கிக் கொடுக்க வேண்டியவர் மேல், வாங்கினாரா என்று பார்க்க வேண்டியவர் மேல். இரும்பைக் காந்தம் இழுக்கும் என்பது இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அந்த வண்டியின் பின்னால் தரையை ஒட்டி ஒரு காந்தச் சட்டம் கட்டுங்கள். உடைந்து விழுகிற பட்டையை அதுவே எடுத்துக்கொள்ளும். பள்ளம் தோண்டி மூடின இடங்களில் விட்டுப்போன கட்டுக்கம்பியும் அதோடு போகும். இதற்கு ஆராய்ச்சி வேண்டாம், குழு வேண்டாம்.

புகார் கொடுத்தேன். டயரில் ஏறிய பட்டை, பிரஷ்ஷின் படம், பதினான்கு துண்டுகளின் படம், எல்லாம் சேர்த்து. 'சம்பந்தப்பட்ட இடம் ஆய்வு செய்யப்பட்டது, குப்பை இல்லை' என்று மூன்றாம் நாள் முடித்துவிட்டார்கள். குப்பை இல்லைதான். நான்தானே பொறுக்கிக்கொண்டு வந்தேன்!

மறுபடி புகார் கொடுத்திருக்கிறேன். துண்டுகளை ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன், யார் வந்து கேட்டாலும் காட்டுவேன். நேற்று இரவு நடந்ததில் இன்னும் ஐந்து கிடைத்தன.