தலைப்பில் வந்து உட்காரும் அந்த 'ஆல்'

செல்போன் வாங்கித் தராததால். மதிப்பெண் குறைந்ததால். அம்மா திட்டியதால். ஒரு மாணவரோ மாணவியோ உயிரை மாய்த்துக்கொண்ட செய்திக்கு நம் பத்திரிகைகள் பெரும்பாலும் இப்படித்தான் தலைப்பு வைக்கின்றன. மூன்றாம் வேற்றுமை உருபு, இரண்டே எழுத்து. அதைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தப் பதிவு.

ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில், செய்திகளைத் திருத்தித் தலைப்பு வைக்கும் டெஸ்க்கில் ஆறு வருடம் இருந்தேன். இந்தச் செய்தி எப்படி வருகிறது என்று வெளியில் பலருக்குத் தெரியாது. பகுதி நேர நிருபர் காலையில் ஸ்டேஷன் ரைட்டருக்குப் போன் போடுவார். "ஒரு 174 இருக்கு, எழுதிக்குங்க" என்பார் ரைட்டர். சந்தேக மரணத்துக்கு அப்போது இருந்த சட்டப் பிரிவு அது. பெயர், வயது, ஊர், காரணம். நாலு வரிதான்.

அந்தக் காரணம் எங்கிருந்து வந்தது? பிணவறை வாசலில் நிற்கும் அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ போலீஸ்காரர் "வீட்ல ஏதாச்சும் சண்டையாய்யா?" என்று கேட்டிருப்பார். முந்தைய நாள் ராத்திரி கடைசியாக என்ன நடந்ததோ, அதுதான் அந்த மனிதருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரும். அதைச் சொல்வார். அது புகாரில் ஏறும். சாயங்காலம் என் மேஜைக்கு வரும்போது அதுவே காரணம் ஆகியிருக்கும். நான் அதற்கு ஒரு 'ஆல்' சேர்த்து மூன்று பத்திக்கு அகலமாக வைப்பேன்.

அப்படி ஒரு தலைப்பு வைத்து ஒரு மாதம் கழித்து, அந்தப் பையனின் தாய்மாமா அலுவலகத்துக்கு வந்தார். கையில் செய்தியைக் கத்தரித்து வைத்திருந்தார். சத்தம் போடவில்லை. "சார், பையன் மூணு மாசமா சரியாத் தூங்கல, சாப்பிடல. எங்களுக்குத்தான் அது புரியாமப் போச்சு. அக்கா அன்னிக்கு போனைப் புடுங்கி வெச்சது நெசம். ஆனா இப்ப ஊர்ல அவளப் பாக்குறவங்க எல்லாம் புள்ளைய இவதான் அனுப்பி வெச்சான்னு பேசுறாங்க. நீங்க போட்டதுக்கு அப்புறம்தான் சார்." மறுப்பு போடச் சொல்லி அவர் கேட்கவில்லை. எதை மறுக்க முடியும்? செய்தியில் இருந்த ஒவ்வொரு தகவலும் சரி. அவற்றை நான் சேர்த்த விதம்தான் பொய்.

மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, இந்த மரணங்களுக்கு ஒற்றைக் காரணம் கிடையாது என்பது. மனச்சோர்வு, கடன், வீட்டுச் சூழல், அவமானம் எல்லாம் சேர்ந்து அழுத்தும். 'ஆல்' அதையெல்லாம் அழித்துவிட்டு ஒன்றை மட்டும் காட்டுகிறது. அதே நிலையில் இருக்கும் இன்னொரு பிள்ளை அதைப் படித்தால், மார்க் குறைந்தால் இப்படித்தான் ஆகும் போல என்று நினைத்துவிடும். நாம் எழுதும் 'விபரீத முடிவு' என்ற சொல்லையும் பாருங்கள். தமிழில் முடிவு என்றால் தீர்மானம் என்றும் பொருள், தீர்ந்துபோவது என்றும் பொருள். நோயில் இருந்த மனதைத் தீர்மானம் எடுத்த மனதாக ஆக்கிவிடுகிறோம்.

எந்த மரணம் செய்தியாகிறது என்பதையும் பேச வேண்டும். தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். ஒரு நாளைக்கு ஐம்பதுக்கும் மேல். இந்திய அளவில் கால்வாசிக்கும் மேல் தினக்கூலிகள். குடும்பப் பிரச்சினை 31.7 சதவீதம், தேர்வுத் தோல்வி 1.2 சதவீதம். (இந்தக் காரணங்களும் அதே போலீஸ் பதிவிலிருந்து வந்தவைதான் என்பதால் அப்படியே நம்பிவிட வேண்டாம்.) ஆனாலும் முதல் பக்கத்துக்கு வருவது மாணவியின் படமும் கடிதமும்தான். கட்டட வேலைக்குப் போனவர் ஐந்தாம் பக்கத்தில் இரண்டு வரி. எங்கள் டெஸ்க்கில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எதைப் பெரிதாக வைப்பது என்று கை பழகியிருந்தது, அவ்வளவுதான்.

விதி இல்லையா? இருக்கிறது. இந்திய பிரஸ் கவுன்சில் 2019 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளை ஏற்று வழிகாட்டுதல் கொடுத்தது. செய்தியைப் பெரிதுபடுத்தி வைக்காதே, எப்படி இறந்தார் என்று விவரிக்காதே, இடத்தைச் சொல்லாதே, பரபரப்புத் தலைப்பு வைக்காதே, படம் போடாதே. இவ்வளவு தெளிவாகச் சொன்ன கவுன்சிலுக்கு எச்சரிக்கவும் கண்டிக்கவும்தான் அதிகாரம், அபராதம் போட முடியாது. டி.வி.யும் யூடியூபும் அதன் வரம்பிலேயே இல்லை. அதனால் நடப்பது என்னவென்றால், மேலே எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதிவிட்டு, கீழே பொடி எழுத்தில் உதவி எண்ணைப் போட்டுவிடுகிறோம். அந்த எண்களைக் கொட்டை எழுத்தில் மேலே போட்டால் என்ன? தமிழக அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416, சென்னை சினேகா அமைப்பின் 044-24640050.

எழுத்தை மாற்றினால் உயிர் பிழைக்குமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வியன்னாவைச் சொல்வேன். அங்கே 1978-ல் மெட்ரோ ரயில் வந்தது. 80-களின் நடுவில் தண்டவாள மரணங்கள் ஏற ஏற, பத்திரிகைகள் அவற்றைப் பெரிது பெரிதாகப் போட்டன. 1987-ல் தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஒன்று பத்திரிகைகளிடம் பேசி, எப்படி எழுதலாம் என்று பரிந்துரை கொடுத்தது. பத்திரிகைகள் கேட்டுக்கொண்டன. அந்த வருடத்தின் பின்பாதியிலேயே மரணங்கள் சட்டென்று குறைந்தன. பழைய உச்சத்துக்கு அப்புறம் பல வருடம் ஏறவே இல்லை.

வாசகர் கேட்கிறார், அதனால் கொடுக்கிறோம் என்பதையும் நான் ஏற்கவில்லை. மாநில முதலிடம், மாவட்ட முதலிடம், ஸ்வீட் ஊட்டும் படம் இல்லாமல் பிளஸ் 2 ரிசல்ட் செய்தியை நம்மால் நினைத்துப் பார்க்க முடிந்ததா? 2017-ல் பள்ளிக் கல்வித் துறை ரேங்க் பட்டியலை நிறுத்தியது. அது இல்லை என்பதற்காகப் பேப்பரை நிறுத்திய ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை.

கடைசியாக, ஷேர் செய்வது. போன ரிசல்ட் அன்று எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா மகன் ஒரு கார்டு போட்டார். இறந்த மாணவியின் படம், பள்ளி, மார்க், எப்படி என்பது உட்பட எல்லாம். கீழே கைகூப்பும் எமோஜி. அவர் மனசு நல்ல மனசு, எனக்குத் தெரியும். தனியாகப் போன் போட்டேன். "அண்ணே, நம்ம குரூப்ல இன்னிக்கு ரிசல்ட் பாத்த பிள்ளைங்க எத்தனை பேர்னு யோசிச்சீங்களா?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சின்ன தங்கச்சி பொண்ணு கணக்குல போயிருச்சுன்னு காலைல சொன்னாங்கடா" என்றார். அப்புறம், "இரு, அதை எடுத்துடுறேன். முதல்ல அந்தப் பிள்ளைக்குப் பேசுறேன்" என்று போனை வைத்தார்.