தோத்த படமும் ஒஸ்காரும்

அனிமேஷன் பட இயக்குநர் பிராட் பேர்ட் பற்றின உங்கட கட்டுரை நல்லா இருக்கு, ஆனா டிஸ்னியில இருந்து அவரை வேலையால நிப்பாட்டினதை ஒரே வரியில தாண்டிட்டீங்களே, அதுதானே கதை! 11 வயசில சொந்தமா கார்ட்டூன் படம் கீறத் தொடங்கி, டிஸ்னியின்ட பெரிய அனிமேட்டர் மில்ட் கால் எண்டவரிட்டயே தொழில் பழகின பெடியன், பிறகு அங்கயே வேலைக்குப் போய், தரம் குறையுது எண்டு வாய்விட்டுச் சொல்லி வேலையை இழந்தவர். 1999ல அவர் இயக்கி வந்த 'தி அயர்ன் ஜயன்ட்' தியேட்டர்ல படுத்திட்டுது, இப்ப எல்லாரும் தலையில வச்சுக் கொண்டாடுறாங்க (நான் முடிவில அழுதிட்டன், சிரிக்காதேங்கோ). பிறகு பிக்ஸார் எண்ட அனிமேஷன் ஸ்டூடியோவில 2004ல 'தி இன்கிரெடிபிள்ஸ்', 2007ல 'ரட்டட்டூயி', ரெண்டுக்கும் ஒஸ்கார்.

மேல கொமென்ட்ல ஒரு அண்ணா "திறமை இருந்தா தானா வரும்" எண்டு எழுதியிருக்கிறார். எங்க அண்ணா தானா வருது? பிக்ஸாருக்கு பேர்ட்டைக் கூப்பிட்டதே கூடப் படிச்ச ஜோன் லசட்டர்தான்.

நான் வெள்ளவத்தையில சின்ன ரூமில இருந்து அனிமேஷன் செய்யிறன். 2022 கரண்ட் கட் நேரம், 30 செக்கன் விளம்பரம் ஒண்டை ரெண்டர் போட்டிட்டு (கீறினதை கம்ப்யூட்டர் ஒவ்வொரு பிரேமா, அதாவது ஒவ்வொரு படமா, வீடியோவுக்கு ஆக்கிறது) தேத்தண்ணி ஊத்தப் போனன், யூபிஎஸ் ரெண்டு நிமிசம் கீ கீ எண்டு கத்திட்டு செத்துது, 750 பிரேமில 412ல நிக்குது. கடைசியில விளம்பரம் செய்யச் சொன்ன ஆள் "சும்மா கீறுறதுக்கு இவ்வளவா" எண்டு பாதிக் காசுதான் தந்தவர். மிச்சம் இன்னும் வரேல்ல.