ஓடிப் பிடிக்காததற்குச் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்

துணிக்கடையில் ஒருவர் புடவையைப் பைக்குள் திணித்துக்கொண்டு நழுவினால், அந்த செக்‌ஷனில் நிற்கிற பெண் பின்னால் ஓடக் கூடாது. கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, பையைப் பிடுங்கக் கூடாது. சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, ஆள் எப்படி இருந்தார், எந்தப் பக்கம் போனார் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். போன புடவையின் விலையை அவள் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாக எழுதி, கடையில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

தீபாவளி நெருங்கிவிட்டால், வடசென்னையில் துணிக்கடைகள் நிறைந்த வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. அதே நாட்களில்தான் வாட்ஸப்பில் சிசிடிவி வீடியோக்களும் சுற்ற ஆரம்பிக்கும். கடைப் பெண் ஓடிப்போய் ஒருத்தியின் முடியைப் பிடித்து இழுத்து வருவாள், சுற்றி நின்று நாலு பேர் அடிப்பார்கள், கீழே 'வீரப் பெண்' என்று பாராட்டு குவியும். அவள் ஏன் ஓடினாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. துணிக்கடையில் நின்று வேலை பார்த்தவள் என்பதால் எனக்குத் தெரியும். பெரும்பாலும் ஷார்ட்டேஜுக்குப் பயந்துதான் ஓடுவோம்.

வெளியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மாதக் கடைசியிலோ சீசன் முடிந்ததுமோ செக்‌ஷன் வாரியாக ஸ்டாக் எடுப்பார்கள். பில் போட்டதும் ரேக்கில் இருப்பதும் டேலி ஆகவில்லை என்றால், குறைகிற பீஸுக்கான தொகையை அந்த செக்‌ஷனில் நிற்பவர்கள் தலையில் பிரித்துப் போடுவார்கள். எல்லாக் கடைகளிலும் இப்படி இல்லை. நான் இருந்த கடையில் இருந்தது. எழுத்தில் எதுவும் கிடையாது. கவரில் வருகிற பணம் குறைந்திருக்கும், கேட்டால் "உன் செக்‌ஷன்தானேம்மா" என்பார்கள். எடுத்தது வாடிக்கையாளரா, கோடவுனிலிருந்து வரும்போதே எண்ணிக்கை தப்பா, பில்லில் வேறு ஐட்டம் விழுந்துவிட்டதா என்றெல்லாம் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.

என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா, தண்டையார்பேட்டைக்காரர், ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஒருமுறை அப்படித்தான் ஓடினார். வந்தது இரண்டு பெண்கள். ஒருத்தி விலை கேட்டுக்கொண்டே இருக்க, இன்னொருத்தி இரண்டு சில்க் காட்டன் புடவைகளைக் கட்டைப்பைக்குள் இறக்கிவிட்டாள். அக்கா படியிறங்கி ரோடு வரை போய்ப் பையைப் பிடித்தார். அவள் தள்ளிவிட்டதில் பிளாட்பார விளிம்பில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. ஸ்டான்லியில் மாவுக்கட்டு போட்டார்கள். கடையில் ஆட்டோவுக்குக் காசு கொடுத்தார்கள், அவ்வளவுதான். வராத நாட்களுக்குச் சம்பளம் இல்லை. அந்தப் புடவைகளின் விலையும் எங்கள் செக்‌ஷனில் பிரிந்தது, அக்காவின் பங்கு உட்பட. கட்டு பிரித்த பிறகும் அந்தக் கையால் மடிப்பு எடுத்துக் காட்ட ரொம்ப நாள் சிரமப்பட்டார். மடிப்பு எடுக்க முடியாதவர் புடவை செக்‌ஷனில் எப்படி நிற்பார்?

இப்படிச் சம்பளத்தில் பிடிப்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. 1936-ஆம் வருடத்து ஊதியம் வழங்கும் சட்டத்தில் இருந்ததைத்தான் 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் வைத்திருக்கிறது. ஒரு பொருள் குறிப்பாக ஒரு தொழிலாளியின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டு, அவருடைய கவனக்குறைவால் நேரடியாகத் தொலைந்திருந்தால்தான் பிடித்தம் செய்யலாம். அதுவும் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகு, தொலைந்ததன் மதிப்புக்கு மேல் போகாமல். தீபாவளிக் கூட்டத்தில் யாரோ எடுத்துப் போனதற்கு செக்‌ஷனில் இருக்கிற அத்தனை பேரிடமும் வாங்குவது இதில் எங்கே பொருந்துகிறது?

அமெரிக்காவில் பெரிய கடைகள் பலவற்றில் ஊழியர்கள் திருடுகிறவரைத் தடுக்கவே கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். 2023-இல் ஜார்ஜியா மாநிலத்தில் லுலுலெமன் என்ற துணிக்கடையின் ஊழியர்கள் இரண்டு பேர் வேலையை இழந்தார்கள். திருடர்களைப் பின்தொடர்ந்து கடைக்கு வெளியே போனதுதான் காரணம் என்று நிறுவனத் தலைவரே சொன்னார். இங்கே அதைப் படித்தவர்கள் 'திருடனுக்கு ராஜ மரியாதை' என்று கொதித்தார்கள். ஆனால் அந்த விதிக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. 2022 அக்டோபரில் வட கரோலினாவில் ஒரு ஹோம் டிப்போ கடையில், பொருளைத் தள்ளிக்கொண்டு போனவனை மறித்த 83 வயது ஊழியர் கீழே தள்ளப்பட்டார், பிறகு இறந்துபோனார். அடுத்த ஏப்ரலில் கலிபோர்னியாவில் அதே நிறுவனத்தின் 26 வயது ஊழியர், திருட்டைத் தடுக்கப் போய்ச் சுடப்பட்டு இறந்தார். ஓடக் கூடாது என்ற விதி சரி. ஓடியவர்களை வேலையைவிட்டு அனுப்பியதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே ஓடினால் தண்டனை, இங்கே ஓடாவிட்டால் தண்டனை. இரண்டு ஊரிலும் அடி விழுவது சம்பளத்துக்கு நிற்கிறவர் மேல்தான்.

'கையும் களவுமாகப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இருக்கிறது' என்று சொல்பவர்களுக்கு ஒன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, 40-ஆவது பிரிவில், ஜாமீனில் விட முடியாத, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் கண்ணெதிரே நடந்தால்தான் தனி நபர் பிடிக்கலாம் என்கிறது. பிடித்தவர் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். புதிய தண்டனைச் சட்டத்திலோ, 5000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவை மட்டுமே. அந்த வகைத் திருட்டு ஜாமீனில் விடக்கூடியது, போலீஸ்கூட வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாதது. எம்.சி. ரோட்டில் பைக்குள் போகிற புடவைகளில் எத்தனை 5000-ஐத் தாண்டும்? சட்டவிரோதமாக அடைத்து வைத்தால் ஒரு வருடம் வரை சிறை, அறைந்தால் அது தனி வழக்கு. வழக்கு வந்தால் முதலில் சிக்குவது கை வைத்த பெண்.

தப்பான ஆளைப் பிடித்தால்? இதைப் பார்த்திருக்கிறேன். கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா, மேட்சிங் பிளவுஸ் எடுப்பதற்காக வீட்டிலிருந்து புடவையைப் பையில் வைத்துக் கொண்டு வந்திருந்தார். வாசலில் செக்யூரிட்டி பையைப் பார்த்தார், பில் கேட்டார். இல்லை என்றதும் மேலே கோடவுனுக்குக் கூட்டிப் போய் விசாரித்தார்கள். அந்தப் புடவையில் ஃபால்ஸ் தைத்திருந்தது. ஓரத்தில் மஞ்சள் கறை. கட்டிய புடவை என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும், பார்க்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூட வந்த சின்னப் பெண் கீழே பில் கவுண்டர் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அந்த அம்மாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கழுத்தில் நகையோடு வருகிறவரை இப்படி மேலே கூட்டிப் போவார்களா? ஒயர் கூடையோடு வருகிற மீன் விற்கும் அம்மா, நரிக்குறவப் பெண், அழுக்குச் சட்டைப் பையன் உள்ளே வந்தாலே "பாத்துக்க" என்று கண் காட்டுவார்கள். வடசென்னையில் பிறந்த நமக்கு இது தெரியாததா? நகரத்தின் மற்ற பக்கத்தில் வியாசர்பாடி, காசிமேடு என்று சொன்னதும் முகம் மாறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதே பார்வையை நம் பெண்களையே நம் ஜனங்கள் மேல் பார்க்க வைக்கிறார்கள். அது எனக்கு ரொம்ப வலிக்கிறது. கேரளாவின் அட்டப்பாடியில் 2018-இல், அரிசி திருடியதாகச் சொல்லி ஒரு ஆதிவாசி இளைஞரைக் கட்டி வைத்து அடித்தே கொன்றார்கள். 2023-இல் அந்த வழக்கில் 13 பேருக்கு ஏழு வருடக் கடுங்காவல் கிடைத்தது. கூட்டம் கை வைக்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலாளிகளுக்கு நஷ்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பூட்டை உடைத்துத் திருடினால் இன்சூரன்ஸ் கிடைக்கலாம், கூட்டத்தில் கை நீட்டி எடுத்துப் போனால் பெரும்பாலும் கிடைக்காது. பிளாட்பாரத்தில் நைட்டி விற்கிற அக்காவுக்கு ஒரு பீஸ் போனால் அன்றைய லாபமே போச்சு. அவர் சத்தம் போட்டு எழுந்து ஓடினால் நான் குறை சொல்ல மாட்டேன், அது அவருடைய முதல். மூன்று மாடிக் கடையின் முதல் வேறு. அந்த நஷ்டம் வியாபாரத்தின் செலவு. வாடகை, கரண்ட் பில் மாதிரி அதுவும் முதலாளியின் கணக்கில்தான் வர வேண்டும்.

தடுக்க வழியும் இருக்கிறது. சீசனுக்கு ஒரு செக்‌ஷனில் ஆட்களைக் கூட்டுங்கள். பக்கத்தில் ஒரு ஆள் நின்று "என்ன கலர் பாக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பாதித் திருட்டு நடக்காது. வீட்டிலிருந்து மேட்சிங்குக்குக் கொண்டு வருகிற துணிக்கு வாசலிலேயே டோக்கன் கொடுங்கள். விலை உயர்ந்த பீஸுக்கு, பில் போடாமல் வாசலைத் தாண்டினால் சத்தம் போடுகிற டேக் போடுங்கள். காலை முதல் இரவு வரை நின்று கால் வீங்கியவர் எதைக் கவனிப்பார்? கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டமே கொண்டுவந்தது. ஸ்டூலைப் போட்டுவிட்டு அப்புறம் கண்காணிப்பைப் பற்றிப் பேசலாம்.

கடையில் வேலை பார்க்கிற தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்: சம்பளம் குறைந்தால் எதற்கு என்று கேளுங்கள், தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் மனு கொடுக்கலாம். எழுதத் தெரியவில்லை, தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன், கூடவும் வருகிறேன். கடைப் பெயரைக் கமெண்டில் மட்டும் போடாதீர்கள், யார் சொன்னது என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.