அம்பாசிடருக்கு ஒரு ஏணி

(சேலையூரில் ஒரு வீட்டு வாசல். போர்ட்டிகோவில் 1984 மாடல் அம்பாசிடர், மேலே பழைய பெட்ஷீட் போர்த்தியபடி. முருங்கை மரத்தடியில் நாலு சக்கரத்தோடு ஒரு பொலிரோ ஜீப்பின் சேஸிஸ், அதாவது பாடி இல்லாத வெறும் அடிச்சட்டம். அதன் குறுக்கே பலகை போட்டு, வேட்டி விரித்து, வடாம் காய்கிறது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் சிவராமன் கையில் டேப். டிங்கர் காசி தன் மொபெட்டுக்கு ஸ்டாண்டு போடுகிறார்.)

சிவராமன்: வாங்க காசி, வாங்க. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்.

காசி: போன்ல "பாடி வேலை இருக்கு, உடனே வாங்க"ன்னு மட்டும் சொல்லி வச்சிட்டீங்க சார். யாரோட பாடின்னு சொல்லல. வழியெல்லாம் பதறிக்கிட்டே வந்தேன்.

சிவராமன்: அட, அப்பா கார்தான். இங்க பாருங்க, இது மேல் பாதி. (மரத்தடியைக் காட்டி) அது கீழ் பாதி. ரெண்டையும் ஒண்ணா சேர்க்கணும். அவ்வளவுதான் வேலை.

காசி: அவ்வளவுதானா! முகூர்த்தம் எப்போ?

சிவராமன்: கிண்டல் பண்ணாதீங்க. மூணு மாசமா வீடியோ பார்த்துப் பார்த்து முடிவு பண்ணினது. வெளியில அப்பா இருக்கணும், உள்ள காலத்துக்கு ஏத்த வண்டி இருக்கணும். பவர் ஸ்டீயரிங், டிஸ்க் பிரேக், ஏசி. இந்த அம்பாசிடரை ஒருதடவை ரிவர்ஸ் எடுத்தா எனக்கு ரெண்டு நாள் தோள்பட்டை வலிக்குது.

காசி: அதுக்குத் தைலம் போதுமே சார். (சேஸிஸைச் சுற்றி வருகிறார்.) எவ்வளவு கொடுத்தீங்க?

சிவராமன்: அம்பது கேட்டான். பேசிப் பேசி நாப்பத்தஞ்சாயிரத்துக்கு முடிச்சேன். புதுப்பேட்டையில சொல்லி வச்சிருந்தேன். சக்கரம், ஆக்ஸில் எல்லாம் இதிலேயே இருக்கு. இன்ஜின் அடுத்த மாசம்.

காசி: இந்த மஞ்சக் கோடு எதுக்கு சார் போட்டிருக்கு?

சிவராமன்: அது கம்பெனி மார்க்கிங்.

காசி: வெள்ளைக் கோடு?

சிவராமன்: அதுவும் கம்பெனிதான். நீலச் சாக்பீஸ் மட்டும் நான் போட்டது. இதோ, இந்த இடத்துல பின் கதவு வரும், இங்க டிக்கி.

காசி: (குனிந்து) சரி. இந்தச் சட்டத்துல தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கே, இது என்ன?

சிவராமன்: காத்தோட்டத்துக்கா இருக்கும்.

காசி: இரும்புக்கு எதுக்கு சார் காத்தோட்டம்? வண்டியை உடைக்கப் போடறப்போ சேஸ் நம்பர் இருக்கற இடத்தைத் தகடோட வெட்டி எடுத்துடுவாங்க. அந்த நம்பரை இன்னொருத்தன் தூக்கிட்டுப் போய் வேற வண்டிக்கு ஒட்டிடக் கூடாதில்ல, அதுக்கு. இது செத்த வண்டி சார். நீங்க அதும்மேல வடாம் காய வச்சிருக்கீங்க.

சிவராமன்: வடாம் வீட்ல போட்டது, நான் இல்ல. நம்பர் போனா போகுது, அம்பாசிடருக்குத்தான் நம்பர் இருக்கே! அந்த சேஸிஸை எடுத்துட்டு இந்த சேஸிஸை வைக்கிறோம். வேட்டி மாத்தற மாதிரி.

காசி: அம்பாசிடர்ல சேஸ் எங்க இருக்கு சார்?

சிவராமன்: கீழ.

காசி: படுத்துப் பாருங்க.

சிவராமன்: நான் எதுக்குப் படுக்கணும்? எந்தக் காருக்கும் கீழ சேஸிஸ் இருக்கும்.

காசி: லாரிக்கு இருக்கும், பஸ்ஸுக்கு இருக்கும், பொலிரோவுக்கு இருக்கும். ஏணி மாதிரி ரெண்டு நீளச் சட்டம், நடுவுல குறுக்குக் கட்டை. பாடி அதும்மேல சும்மா உக்காந்திருக்கும். அம்பாசிடர் அப்படி இல்ல. தரை, பக்கம், கூரை, எல்லாத் தகடும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, பாடியேதான் சேஸ். முட்டை ஓடு மாதிரி. முன்னாடி இன்ஜினுக்குக் கீழ மட்டும் ரெண்டு சட்டம் ஓடும். மத்ததெல்லாம் தகடு மடிச்ச பலம்தான்.

சிவராமன்: எனக்கு நம்பிக்கை வரல.

காசி: வரவழைச்சிடலாம். ஜாக்கி இருக்கா?

(ஜாக்கி வருகிறது. காசி பின் கதவைத் திறந்து வைக்கிறார். முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில், படிக்குக் கீழே உள்ள பட்டையில் ஒரு பலகைத் துண்டை அண்டக் கொடுத்து, மெதுவாக ஏற்றுகிறார். உள்ளே துரு உதிர்கிற சத்தம்.)

காசி: சக்கரம் இன்னும் தரையை விட்டு எழும்பல, பார்த்துக்கோங்க. இப்போ கதவைச் சாத்துங்க.

சிவராமன்: (சாத்துகிறார். கதவு தூணில் இடித்துத் திரும்புகிறது.) என்னது இது? காலைல நல்லாத்தானே சாத்தினேன்!

காசி: இன்னும் அமுக்கிப் பாருங்க.

சிவராமன்: கொண்டியே மேல போயிடுச்சே! அரை அங்குலம் தள்ளி நிக்குது.

காசி: அதான் சார். கீழ்ப்பட்டை உள்ளுக்குள்ள அரிச்சுப் போயிருக்கு. அதனால நடுவுல தூக்கினதும் முழுப் பாடியும் முதுகு வளையுது. பட்டை கொஞ்சம் அரிச்சதுக்கே இப்படி. நீங்க தரையையே கட்டர்ல அறுத்து எடுக்கச் சொல்றீங்க. அறுத்தா நாலு கதவும் ஒரே நாள்ல ராஜினாமா. வேட்டின்னு சொன்னீங்களே, வேட்டி இல்ல சார், தோலு.

சிவராமன்: (ஜாக்கியை இறக்கச் சொல்லிச் சைகை காட்டி) அப்போ அந்த வீடியோவுல எப்படிச் செஞ்சான்? இங்கிலாந்துல ஒருத்தன், வீட்டு ஷெட்டுலயே. நாலு சினேகிதங்களைக் கூப்பிட்டான். ஆளுக்கு ஒரு மூலை பிடிச்சாங்க. ஊஞ்சல் பலகையைத் தூக்கற மாதிரி காரை அப்படியே தூக்கிப் பக்கத்துல வச்சாங்க. அதுக்கப்புறம் டீ குடிச்சாங்க.

காசி: என்ன காரு?

சிவராமன்: டிரையம்ஃப் ஹெரால்ட்.

காசி: அப்படிச் சொல்லுங்க! அது நம்ம ஊர் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இல்ல? வண்டலூர்ல செஞ்ச காரு. பானட்டைத் தூக்கினா மட்கார்டு, லைட்டு எல்லாம் சேர்ந்து முதலை வாய் மாதிரி முன்பக்கமாத் திறக்குமே.

சிவராமன்: அதேதான். 1961லேர்ந்து இங்கயும் செஞ்சிருக்காங்க.

காசி: அதுக்குத் தனி சேஸ் உண்டு சார். போல்ட்டைக் கழட்டினா பாடி தனியா வந்துடும். எங்க மேஸ்திரி அதைக் காருன்னே சொல்ல மாட்டார், பசங்க போல்ட்டு முடுக்கி விளையாடற மெக்கானோ செட்டுன்னுவார். திரும்பற வட்டம் வெறும் 25 அடி. நம்ம தெருவுலயே ஒரே மூச்சுல யு டர்ன் போடலாம்.

சிவராமன்: அது ஏன் தனி சேஸிஸ்னு தெரியுமா? வீடியோவுல அதையும் சொன்னான். டிரையம்ஃப் கம்பெனிக்குப் பாடி அடிச்சுக் கொடுத்துக்கிட்டிருந்தது ஃபிஷர் அண்ட் லட்லோன்னு ஒரு கம்பெனி. 1953ல போட்டிக்காரங்க அதை விலைக்கு வாங்கிட்டாங்க. ஒரே தகடா முழுப் பாடி அடிச்சுத் தர ஆள் இல்ல. வேற வழியில்லாம பழையபடி சேஸிஸைத் தனியா போட்டு, பாடியைத் துண்டு துண்டா பல இடத்துல அடிச்சு, போல்ட்டு போட்டு முடுக்கினாங்க.

காசி: வாங்கின போட்டிக்காரன் யாரு?

சிவராமன்: பிஎம்சி. ஆஸ்டினும் மோரிஸும் சேர்ந்த கம்பெனி.

காசி: மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதானே நம்ம அம்பாசிடர் ஆச்சு?

சிவராமன்: ஆமா.

காசி: அப்போ இந்தக் காரோட தாத்தா வீட்டுக்காரங்க பண்ணின வேலையிலதான் ஹெரால்டுக்குத் தனி சேஸே வந்துச்சு. நீங்க ஹெரால்ட் வீடியோவைப் பார்த்துட்டு அம்பாசிடருக்குக் கத்தி எடுத்திருக்கீங்க. பக்கத்து வீட்டுக்காரன் எக்ஸ்ரேயை வச்சு நமக்கு ஆபரேஷன்!

சிவராமன்: (கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து) சரி, தரையை அறுக்க வேணாம். அப்படியே முழுசா தூக்கி பொலிரோ சேஸிஸ் மேல வச்சிடலாமே?

காசி: டேப்பைக் கொடுங்க. அம்பாசிடர்ல முன் சக்கரத்துலேர்ந்து பின் சக்கரம் வரைக்கும் 97 அங்குலம். மில்லிமீட்டர்ல 2,464. இது எவ்வளவு?

சிவராமன்: (மெல்ல) 2,680.

காசி: அளந்தீங்களா?

சிவராமன்: வாங்கினதுக்கப்புறம்.

காசி: எட்டரை அங்குலம் கூடுதல். முன் சக்கரத்தை அதோட இடத்துல வச்சா, பின் சக்கரம் டிக்கிப் பக்கம் போயி பம்பரோட பேசிக்கிட்டிருக்கும். அதுவும் ஏணி மேல தரை, தரை மேல சீட்டு. ஏறதுக்கு வீட்ல இருக்கற ஸ்டூலை வண்டியிலயே வச்சிக்கணும்.

சிவராமன்: எட்டரை அங்குலத்தை அறுத்து எடுத்து ஒட்டிட்டா?

காசி: வண்டியோட முழு பாரமும் தாங்கற சட்டத்தை அறுத்து, முருங்கை மரத்தடியில வச்சு நான் வெல்டிங் வைக்கிறேன். அது எந்த ஊர்ல விடும்னு நீங்க சொல்லுங்க. திண்டிவனமா, விக்கிரவாண்டியா?

சிவராமன்: கரூர்ல கட்டலையா காசி? ஜிஎஸ்டி ரோட்ல நீங்களும் பார்த்திருப்பீங்க. வெறும் பஸ் சேஸிஸ் போகும். கூரை கிடையாது, கண்ணாடி கிடையாது. டிரைவர் தலைல துண்டைக் கட்டிக்கிட்டு, மூஞ்சி பூரா புழுதியோட, வானத்துக்குக் கீழ உக்காந்து ஓட்டிக்கிட்டுப் போவான். அங்க போய்ச் சேர்ந்ததும் பாடி கட்றாங்க. அதை கவர்ன்மென்ட்டே ஒத்துக்குது. நான் ஒரு கார் கட்டினா மட்டும் தப்பா?

காசி: நான் கரூர்ல ரெண்டு வருஷம் வேலை பார்த்தவன் சார். அது கட்டறதுக்குன்னே விக்கிற சேஸ். பாடி கட்ட தனி விதி இருக்கு, கட்டறவனுக்கு அங்கீகாரம் இருக்கு. ஃபாரம் 22ஏன்னு ஒண்ணு, அதுல சேஸ் கம்பெனிக்காரன் ஒரு பாதியில கையெழுத்து, பாடி கட்டினவன் இன்னொரு பாதியில. இதுக்கு யார் கையெழுத்துப் போடுவா? நானா, வடாம் போட்ட அம்மாவா?

சிவராமன்: ஆர்டிஓகிட்ட நான் பேசிக்கிறேன்.

காசி: என்னன்னு பேசுவீங்க? ஆர்சியில இருக்கற சேஸ் நம்பரைக் காட்டுன்னா காரைக் காட்டுவீங்க. காருக்குக் கீழ நம்பரே இல்லாத சேஸ். வண்டியைத் தள்ளிட்டுப் போய் ஸ்டேஷன்லயே நிறுத்தறது மாதிரி.

சிவராமன்: சட்டம் நானும் படிச்சேன். மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 182ஏ. அனுமதி இல்லாம வண்டியை மாத்தினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்ல ரெண்டுமே.

காசி: படிச்சுமா வாங்கினீங்க?

சிவராமன்: கணக்குப் போட்டேன். சேஸிஸ் ஒண்ணு, இன்ஜின் ரெண்டு, ஸ்டீயரிங் மூணு, பிரேக் நாலு. இருபதாயிரம்தான் வருது. பட்ஜெட்லயே "இதர செலவு"ன்னு எழுதி வச்சிருக்கேன்.

காசி: ஜெயிலை எந்தத் தலைப்புல எழுதினீங்க?

சிவராமன்: ... 

காசி: அந்தக் காலத்துல அம்பாசிடர்ல மாட்டடார் வேனோட டீசல் இன்ஜினை மாத்தி ஓட்டாத ஊரே கிடையாது. நானே பத்து வண்டிக்கு மவுன்ட் வெல்டு பண்ணியிருக்கேன். இப்போ காலம் வேற சார்.

சிவராமன்: வின்டேஜ், அதான் பழங்காலத்து வண்டின்னு பதிவு பண்ணிட்டா விட்டுடுவாங்கன்னு ஒருத்தர் சொன்னாரே? நம்பர் பிளேட்ல விஏன்னு போட்டுத் தருவாங்களாம்.

காசி: அதுக்கு 50 வயசு ஆகணும். இது 84 மாடலு.

சிவராமன்: 2034.

காசி: அதுவரைக்கும் பொறுத்தாலும், சேஸும் பாடியும் இன்ஜினும் பெரிசா மாத்தாம இருக்கணும்னு அதுலயே போட்டிருக்கான். நீங்க பண்றதெல்லாம் பண்ணிட்டா அறுபது வயசானாலும் கிடைக்காது.

சிவராமன்: (உற்சாகமாக) காசி! எனக்கு ஒண்ணு தோணுது. அம்பாசிடர் வேணாம். ஒரு ஹெரால்ட் வாங்கிட்டா? அதுக்குத்தான் தனி சேஸிஸ் இருக்கே. பாடியைக் கழட்டி இதும்மேல மாட்டிடலாம்.

காசி: அது தொண்ணூத்தொண்ணரை அங்குலம் சார். இது கிட்டத்தட்ட நூத்தஞ்சரை. 14 அங்குலம் வித்தியாசம். முன் சீட்டு தாம்பரத்துல இருந்தா பின் சக்கரம் பெருங்களத்தூர்ல வரும்.

சிவராமன்: 14 அங்குலமா...

காசி: கேளுங்க சார். பெரியவர் இந்தக் காரை என்கிட்ட முதல்ல கொண்டு வந்தப்போ ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "காசி, சத்தம் வந்தா பரவால்ல, துரு வரக் கூடாது"ன்னார். நான் இந்தக் கீழ்ப்பட்டை ரெண்டையும் வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு மடிச்சு வச்சுத் தரேன். ஒரு கதவை விட்டு ஒரு கதவா, பாடி அசையாம அண்டக் கொடுத்துச் செய்யணும். பத்து நாள் வேலை. தோள்பட்டை வலிக்கு, முதல்ல அந்த நாலு டயர்ல காத்து அடிங்க. சப்பையா கிடக்குது. சப்பை டயரை பயில்வானாலயும் திருப்ப முடியாது.

சிவராமன்: (டயரைப் பார்த்து) வருஷக்கணக்கா அடிக்கல... சரி, பட்டையைப் போடுங்க. அந்தச் சேஸிஸை என்ன பண்றது?

காசி: இரும்புக் கடைக்காரன் ஒருத்தன் பழக்கம். கேக்கிறேன். (போனில்) டேய், ஒரு பொலிரோ சேஸ் இருக்கு, எடுக்கறியா? ... சேலையூர். ... ஆமா, நம்பர் வெட்டினது. ... என்னது? ... மஞ்சக் கோடா? இருக்கு. வெள்ளையும் இருக்கு. இப்போ நீலமும் இருக்கு. ... சரி, சொல்றேன். (போனை இறக்கி, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.)

சிவராமன்: ஏன் சிரிக்கிறீங்க?

காசி: உங்களுக்கு வித்தவனே இவன்தான் சார். மஞ்சக் கோடு ஆவடிக்காரர், பத்மினி கார் வச்சிருந்தார். வெள்ளைக் கோடு குரோம்பேட்டை, அவரும் அம்பாசிடர். நீங்க மூணாவது. ஒரு நாள் கூட ரோட்ல ஓடாம ஊரெல்லாம் சுத்திட்டு வந்திருக்கு இது.

சிவராமன்: கம்பெனி மார்க்கிங்னு சத்தியம் பண்ணினானே! எவ்வளவு தரானாம்?

காசி: இருபதாயிரம். லாரி வாடகை நம்மளது. இன்னிக்கே வேணுமாம்.

சிவராமன்: அப்படி என்ன அவசரம்?

காசி: நாலாவது ஆள் கடை வாசல்ல நிக்கிறாராம், கையில டேப்போட. ஹெரால்ட் வச்சிருக்காராம்.

சிவராமன்: ஹெரால்டா! 14 அங்குலம் ஆச்சே!

காசி: போன்லயே சொல்லிடட்டுமா? பாவம் சார் மனுஷன்.

சிவராமன்: சொல்லணும் காசி, கண்டிப்பா சொல்லணும். நமக்கும் மனசாட்சி இருக்கு. (வடாம் பலகையின் ஒரு முனையைப் பிடித்து) அந்தப் பக்கம் பிடிங்க, முதல்ல இதை மாடிக்கு ஏத்திடலாம். லாரி தெருமுனை திரும்பட்டும், சொல்லிடலாம்.