மூன்று மாதத்தில் நான்கு முகங்கள்

என் மகனுக்கு எட்டு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் ஒரு பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கிறான். கடந்த ஆண்டு அவனுடைய ஆசிரியை, கணவர் வேலை பார்க்கும் ஜொகூருக்கு மாற்றலாகிப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பேச்சு வராத பிள்ளையிடம் பட அட்டைகளைக் கொடுத்து, தண்ணீர் வேண்டும், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று கேட்கப் பழக்கியவர் அவர்தான். அதற்கு ஏழு மாதம் பிடித்தது.

அவர் போன பிறகு மூன்று மாதத்தில் நான்கு பேர் மாறி மாறி வந்தார்கள். நல்லவர்கள்தான். ஆனால் ஒருவருக்கும் சிறப்புக் கல்விப் பயிற்சி இல்லை. அட்டைகள் அலமாரிக்குள் போய்விட்டன. பையன் கால்சட்டையை நனைத்துக்கொண்டு வீடு திரும்பத் தொடங்கினான். ஒருநாள் துணி துவைக்கும்போது அவன் சட்டைப் பையில் தண்ணீர் அட்டை இருந்தது. ஓரமெல்லாம் கடித்து, பிளாஸ்டிக் உறை பிரிந்திருந்தது. யாரிடமெல்லாம் அதை நீட்டிப் பார்த்தானோ!

"ஆள் போட்டாயிற்று" என்று சொல்பவர்களிடம் அந்த அட்டையைக் காட்ட வேண்டும்போல் இருக்கிறது.

எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்ற மலேசிய அரசின் கொள்கை 2019 முதல் நடப்பில் இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் கிடைக்கிறது. நன்றியோடு சொல்கிறேன், கதவு திறந்துவிட்டது. உள்ளே நிற்க ஆசிரியர் வேண்டாமா? ஆசிரியர் கல்விக் கழகத்தில் ஓராண்டு ஆயத்தப் படிப்பு, பிறகு நான்காண்டு பட்டப்படிப்பு. இன்று சேருகிறவர் வகுப்புக்கு வரும்போது என் மகன் ஆரம்பப்பள்ளியையே முடித்திருப்பான்.

அதனால், இருக்கிற ஆசிரியர்களில் மனமுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து இப்போதே பயிற்சி கொடுங்கள். பயிற்சி பெற்றவரை வேறு பாடத்துக்கு இழுக்காதீர்கள். எல்லாவற்றையும்விட, சிறப்பு வகுப்பு ஆசிரியருக்கு மாற்றல் வந்தால், அடுத்தவர் வந்து இரண்டு வாரமாவது அவரோடு ஒரே வகுப்பில் இருந்த பிறகே அவரை விடுவியுங்கள். எந்தப் பிள்ளை எதற்கு அழும், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்தும் என்பதெல்லாம் கோப்பில் இருக்காது. அதைப் பக்கத்தில் நின்றுதான் கற்றுக்கொள்ள முடியும்.

மொழிச் சிக்கலும் இருக்கிறது. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. சிறப்புக் கல்வி வகுப்பு எல்லாவற்றிலும் இல்லை. வீட்டில் "தண்ணி" என்ற சொல் காதில் விழும் பிள்ளைக்குப் பள்ளியில் "ஆயெர்" என்ற மலாய்ச் சொல் விழுகிறது. ஒரு சொல்லுக்கே ஓராண்டு போராடும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய சுமை! தமிழ் தெரிந்த சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் நமக்கு அவசரமாக வேண்டும்.

இதில் நம் பங்கும் இருக்கிறது. என் அக்காள் மகள் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்து, சிறப்புக் கல்வி ஆசிரியர் படிப்புக்கு விண்ணப்பிக்க ஆசைப்பட்டாள். "அந்தப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டவா?" என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் அப்போது அதே கூடத்தில், வாசலில் கிடந்த செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அந்த இரண்டு வாரக் கோரிக்கையை எழுத்தில் கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போட விரும்பும் பெற்றோர் எனக்குச் செய்தி அனுப்புங்கள். உங்கள் பள்ளியிலும் கேளுங்கள்.