திரிபலா சரி, செத்த சதையைக் கரைக்குமா?

ரூட் கெனால் சிகிச்சையில் பல்லின் வேர்க்குழாயைக் கழுவும் பிளீச்சிங் திரவமான ஹைப்போகுளோரைட்டுக்குப் பதிலாகத் திரிபலா, வேம்பு, கிரீன் டீ சாறே போதும் என்கிற மாதிரி கட்டுரை போகிறது. போன வருஷம் எனக்குக் கடைவாய்ப் பல்லில் செய்தபோது பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் ஷீட் ஓரமாக ஒரு துளி கசிந்து நாக்கில் பட்டது, அந்த பிளீச்சிங் வாடை சாயங்காலம் வரை போகவில்லை, அதனால் மாற்று வந்தால் முதலில் சந்தோஷப்படுவது நான்தான். ஆனால் அந்த ஹைப்போகுளோரைட் சனியன் கிருமியைக் கொல்வதோடு நிற்காமல் வேர்க்குழாய்க்குள் ஒட்டியிருக்கும் செத்த சதையையும் கரைக்கிறதே! குளோர்ஹெக்சிடின் என்கிற இன்னொரு கிருமிநாசினிக்கே அந்த வேலை வராது. மூலிகைச் சாறுகள் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்கிற வேர்க்குழாய்க் கிருமியை அடக்கியதெல்லாம் பெரும்பாலும் பிடுங்கிய பல்லிலும் ஆய்வகத் தட்டிலும்தான். அப்புறம், திரிபலா ஊறிய தண்ணீர் பழுப்பாக இருக்குமே, அந்த நிறம் பல்லில் ஏறாதா? பல் டாக்டர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.