பத்து மீட்டருக்கு எதுக்குடா நாப்பது எக்ஸ்?

(புதுப்பேட்டை. தனபாலின் லேத் பட்டறை. மச்சினன் ஜெகன் செல்போனை நீட்டிக்கொண்டே உள்ளே வருகிறான்.)

ஜெகன்: மாமா, இந்த துப்பாக்கி ஸ்கோப்பப் பாருங்க. பத்து-நாப்பது எக்ஸ், அதாவது பத்துலேந்து நாப்பது மடங்கு வரைக்கும் பெருசாக் காட்டும், முன் கண்ணாடி அம்பது மில்லிமீட்டர். செவப்பு லைட்டு, பச்சை லைட்டு, கூடவே லேசர். எல்லாம் சேத்து நாலாயிரம்!

தனபால்: எஃப்எம் ரேடியோ இல்லியா?

ஜெகன்: கிண்டல் பண்ணாதீங்க மாமா. ஸ்கோப் வாங்கணும், நல்லதா ஒண்ணு சொல்லுங்க.

தனபால்: மொதல்ல துப்பாக்கிய சொல்லு.

ஜெகன்: ஏர் ரைஃபிள். குழல மடக்கி பெல்லட் போடறது, உள்ள ஸ்பிரிங். குழல் அளவு பாயின்ட் ஒன் செவன் செவன் இஞ்சு. லைசென்ஸ் வேணாம்னாங்க.

தனபால்: குழல் அந்த அளவத் தாண்டாம, பெல்லட்டோட சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா வேணாம். எவ்ளோ தூரம் சுடுவ?

ஜெகன்: கிளப்புல பத்து மீட்டர் பேப்பர் டார்கெட்டு. அப்பறம் மொட்டை மாடில காக்கா...

தனபால்: காக்கான்னு சொன்னா நானே போலீசுக்கு போன் போடுவேன். பத்து மீட்டர்னா நம்ம வாசல்லேந்து எதிர்க்க இருக்கற டீக்கடை பாய்லர். அதப் பாக்க நாப்பது எக்ஸ் எதுக்குடா?

ஜெகன்: பெருசா தெரிஞ்சா நல்லா அடிக்கலாமே.

தனபால்: பெருசாத்தான் தெரியும், ஆனா இருட்டாத் தெரியும். முன் கண்ணாடிய எக்ஸால வகு. அம்பது பை நாப்பது, 1.25 மில்லிமீட்டர். அந்தப் பொட்டு அளவுக்குத்தான் வெளிச்சம் கண்ணுக்கு வரும். தலை லேசா அசைஞ்சா படமே கறுத்துடும். இதே 3-9x40, அதாவது மூணுலேந்து ஒம்பது எக்ஸ், முன் கண்ணாடி நாப்பது, அத வாங்கி ஒம்பதுல வெச்சாக்கூட 4.4 வரும். மூச்சு விட எடம் இருக்கும்.

ஜெகன்: சரி, அப்ப அத வாங்கிட்டு நேரா ஸ்டேட் போட்டிக்குப் போறேன்.

தனபால்: பத்து மீட்டர் ஏர் ரைஃபிள்ல ஸ்கோப்பே கூடாது.

ஜெகன்: என்னாது?

தனபால்: 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல அபினவ் பிந்த்ரா தங்கம். 2012 லண்டன்ல ககன் நாரங் வெண்கலம், நம்ம சென்னையில பொறந்தவரு. நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன். யார் துப்பாக்கிலயாவது ஸ்கோப் பாத்தியா? பின்னாடி சின்ன ஓட்ட, முன்னாடி ஒரு வளையம். பீப் சைட்டுன்னு பேரு. டெலஸ்கோப் வெக்கக் கூடாதுங்கறது விதி.

ஜெகன்: அப்போ நான் எதுக்கு வாங்கறேன்?

தனபால்: அத என்னைக் கேக்கற. பழகறதுக்கு, குரூப் பாக்கறதுக்கு, அதாவது குண்டெல்லாம் எவ்ளோ நெருக்கமா விழுதுன்னு பாக்கறதுக்கு, பெல்லட்டு ஒண்ணுக்கு ஒண்ணு வித்தியாசம் பாக்கறதுக்கு நல்லா உதவும். போட்டிதான் வேணும்னா காச பீப் சைட்டுல போடு.

ஜெகன்: இல்ல மாமா, ஸ்கோப்தான். ஏரியாவுல சொல்லிட்டேன்.

தனபால்: அப்ப காரணம் பலமா இருக்கு. கேட்டுக்கோ. நீ பாக்க வேண்டியது எக்ஸ் இல்ல, ஏஓ. முன்னாடி ஒரு வளையம் இருக்கும், திருப்புனா தூரம் மாறும். அதுல பத்து கஜம்னு போட்டிருக்கணும்.

ஜெகன்: இல்லன்னா?

தனபால்: பெரிய துப்பாக்கி ஸ்கோப் பெரும்பாலும் நூறு கஜத்துக்கு செட் பண்ணி வரும். பத்து மீட்டர்ல வெச்சா படம் மங்கும். அதுகூடப் பரவால்ல. உன் கண்ணு நடுவுல இல்லாம ஓரமாப் போச்சுன்னா, நாப்பது மில்லிமீட்டர் கண்ணாடில குறி 18 மில்லிமீட்டர் வரைக்கும் தப்பும். இதுக்குத்தான் பேரலாக்ஸ்னு பேரு. டார்கெட்டுல ஒவ்வொரு வளையமும் 2.5 மில்லிமீட்டர்தான். பத்துன்னு நெனச்சு அடிப்ப, மூணு விழும்.

ஜெகன்: அது எனக்கு ஸ்கோப் இல்லாமலே விழுதே.

தனபால்: அதுக்கு நாலாயிரம் குடுக்காதன்னுதான் சொல்றேன். கடையில ரைஃபிள மேசையில ஆடாம வெச்சு, அதத் தொடாம தலைய மட்டும் மேல கீழ அசை. தூரத்து போர்டு மேல சிலுவைக் கோடு நடந்து போச்சுன்னா, ஏஓவத் திருப்பி நிறுத்து. நிக்கலைன்னா வெச்சிட்டு வா.

ஜெகன்: சீப்பா ஒரு 4x32 இருக்கே? அது?

தனபால்: நகர்ற பார்ட் கம்மி, கெட்டுப் போறதும் கம்மி. அந்த வெலைக்கு ஜூம் வாங்கறதவிட அது மேல். ஆனா பேரலாக்ஸ் கிட்ட தூரத்துக்கு செட் பண்ணதான்னு கேளு. முழிச்சா வேணாம். அப்பறம் டப்பாவுல ஏர்கன்னுக்குன்னு எழுதியிருக்கான்னு பாரு. இதுலதான் எல்லாரும் மாட்டுவாங்க.

ஜெகன்: ஏர்கன்னுக்கு என்ன தனியா? உதையே கம்மிதானே.

தனபால்: கம்மி, ஆனா ரெட்டை உதை. ஸ்பிரிங் அவுந்து பிஸ்டன் முன்னாடி ஓடும்போது துப்பாக்கி பின்னாடி வரும். பிஸ்டன் போய் முட்டுனதும் முன்னாடி பாயும். 29சி பஸ்ஸுல டிரைவர் ஒரு குலுக்கு குலுக்கிக் கெளப்பி, ஒடனே பிரேக் போட்டா நிக்கறவன் கதி. பெரிய துப்பாக்கி ஸ்கோப்ப பின் உதைக்கு மட்டுந்தான் கட்டியிருப்பான். ஸ்பிரிங் கன்னுல போட்டா உள்ள கண்ணாடி தளரும், சிலுவை சாயும், ஜீரோ, அதான் நீ சரி பண்ணி வெச்ச குறி, இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு அலையும்.

ஜெகன்: அந்த லேசர்?

தனபால்: பூனை இருந்தா வெளையாட்டு காட்டலாம்.

ஜெகன்: சரி, வாங்குனதும் மாட்டிட்டு சுட வேண்டியதுதானே?

தனபால்: எதுல மாட்டுவ? உன் ரைஃபிள் மேல ரெண்டு காடி ஓடுதே, அது டவ்டெயில், 11 மில்லிமீட்டர். ஸ்கோப்போட வர்ற மவுண்டு, அதாவது ஸ்கோப்ப துப்பாக்கி மேல புடிக்கற கிளாம்ப்பு, பாதி நேரம் பிகாட்டினி, அதோட ரெண்டு மடங்கு அகலம். ஒக்காராது. பட்ஜெட்டுல கால்வாசிய மவுண்டுக்கு எடுத்து வெய்யி. ஸ்கோப்போட டியூப் ஒரு இஞ்சா, 30 மில்லிமீட்டரான்னு பாத்து வளையம் வாங்கு. அடியில ஸ்டாப் பின் இருக்கணும், ரைஃபிள்ல அதுக்கான ஓட்டையில எறங்கணும். இல்லன்னா சுடச் சுட ஸ்கோப் பின்னாடி ஊர்ந்து வந்துக்கிட்டே இருக்கும்.

ஜெகன்: நல்லா இறுக்கி முடுக்கிடறேன் மாமா.

தனபால்: முடுக்குவ, டியூப்பு நசுங்கும். மூலைக்கு மூலை மாத்தி மாத்தி, ரெண்டு பக்க இடைவெளியும் சமமா வர்ற மாதிரி கொஞ்சங் கொஞ்சமா முடுக்கணும். சின்ன அலன் கீயோட குட்டைப் பக்கத்த ரெண்டு வெரலால புடி, அந்த பலம் போதும். அப்பறம் வளையத்துக்கும் டியூப்புக்கும் குறுக்க நெயில் பாலிஷ்ல ஒரு கோடு. கோடு ஒடைஞ்சிருந்தா நகந்திருக்குன்னு அர்த்தம்.

ஜெகன்: அக்காவோடத எடுத்துக்கட்டுமா?

தனபால்: என் பேரச் சொல்லாம எடு. மாட்டுன பெறகு சரிபாக்கறது ஈசி. ஒரு டார்கெட்டுல அஞ்சு சுடு. அப்பறம் ஸ்கோப்புல குறிய நகத்தற திருகு இருக்கும், திருப்புனா கிளிக் கிளிக்னு நகரும். இருவது கிளிக் மேல, இருவது வலது, இருவது கீழ, இருவது எடது. ஒவ்வொரு மூலையிலும் சுடு. கால் எம்ஓஏ (எம்ஓஏன்னா ஒரு டிகிரில அறுவதுல ஒரு பங்கு) கிளிக்குன்னா பத்து மீட்டர்ல ஒரு கிளிக் 0.73 மில்லிமீட்டர். இருவதுக்கு ஒண்ணரை சென்டிமீட்டர் நகரணும். கடைசி குண்டு மொத குரூப்புலயே வந்து விழுந்தா ஸ்கோப் நல்லது. விழலன்னா மொதல்ல ஸ்டாக் ஸ்குரூவ, அதான் துப்பாக்கிய கட்டையோட சேத்துப் புடிக்கற ஸ்குரூவப் பாரு. அது லூசா இருந்தா ஸ்கோப்பத் திட்டறது வீண்.

ஜெகன்: எல்லாம் சரியா இருந்தும் கீழயே அடிச்சா?

தனபால்: குழல் மடக்குற துப்பாக்கில அது சகஜம். குழல் நுனி லேசா தொங்கும். கிளிக் கடைசி வரைக்கும் மேல போயும் எட்டாது, போனாலும் ஸ்கோப் உள்ள இருக்கற ஸ்பிரிங் தளர்ந்து குறி நிக்காது. பின் வளையத்துல, டியூப்புக்கு அடியில ஒரு துண்டு ஷிம், அதாவது மெல்லிசா ஒரு தகடு வை. பழைய போட்டோ நெகட்டிவ் போதும், சுமார் 0.15 மில்லிமீட்டர். வளையம் ரெண்டும் பத்து சென்டிமீட்டர் தள்ளி இருந்தா, பத்து மீட்டர்ல 15 மில்லிமீட்டர் மேல தூக்கும். ரெண்டு துண்டுக்கு மேல வெச்சா டியூப் வளைஞ்சிடும்.

ஜெகன்: இப்ப நெகட்டிவுக்கு எங்க போறது?

தனபால்: எங்க வீட்டு பீரோ, மேல் தட்டு, மஞ்சக் கவர். கல்யாண நெகட்டிவ் இருக்கும்.

ஜெகன்: ஐயோ! அக்கா கொன்னுடுவா.

தனபால்: தாலி கட்டற ஃப்ரேமத் தொடாத. பந்தி ஃப்ரேம்ல வெட்டு.

ஜெகன்: பந்தில யாரு இருக்காங்க?

தனபால்: உன் சித்தப்பா. மூணாவது எலைக்கு ஒக்காந்திருக்காரு.

ஜெகன்: அத வெச்சா மேல தூக்குமா மாமா? அவரு வெயிட்டுக்கு இன்னும் கீழ எறக்கிடப் போறாரு.